சவால் பூட்டு சாவிக்கே திறக்கவில்லை என்றால்

கேள்வி: பொழுதுபோக்காகப் பூட்டு பிக்கிங் (சாவியில்லாமல் பிக் என்ற சிறு கம்பியால் பூட்டைத் திறப்பது) பழகி வருகிறேன். முதல் முறையாக ஒரு சவால் பூட்டு (இன்னொருவர் பிக் போட்டுத் திறந்து பார்க்கவென்றே மாற்றியமைத்த பூட்டு) செய்து நண்பர் ஒருவருக்குத் தபாலில் அனுப்பினேன். பின்கள் நிற்கும் ஆறு அறைகளிலும் ஸ்பூல் பின் (நடுவில் இடுப்பு ஒடுங்கிய பின்) போட்டு, அறைகளுக்குள் டேப் (மரை வெட்டும் கருவி) அடித்து மரையும் போட்டிருந்தேன். திறக்கவே முடியவில்லை என்று அவர் சொன்னதும் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான், சாவி போட்டாலும் திரும்பவில்லை என்றார். வழியில் கெட்டுவிட்டதா? அடுத்த பூட்டை எப்படிச் செய்து அனுப்புவது?

பதில்: வழியில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தபால் பையில் குலுங்கியதற்கெல்லாம் பித்தளைப் பின் வளையாது. நண்பரிடம் முதலில் ஒன்று செய்யச் சொல்லுங்கள். சாவியை முழுவதும் உள்ளே விட்டு, திருப்பாமல், பின்கள் உள்ள பக்கம் மேலே வரும்படி பூட்டைப் பிடித்து ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டட்டும். அப்புறம் திருப்பிப் பார்க்கட்டும். திறந்துவிட்டால், கோளாறு நீங்கள் போட்ட மரையில்.

நடப்பது இதுதான். சாவி உள்ளே நுழையும்போது அதன் மேடுகள் ஒவ்வொரு பின் ஜோடியையும் (சாவியைத் தொடும் கீ பின், அதற்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் டிரைவர் பின், உங்கள் பூட்டில் அதுதான் ஸ்பூல்) உயரத் தூக்கும், பள்ளம் வந்ததும் கீழே விடும். ஸ்பிரிங் டிரைவர் பின்னைத் தள்ள, அது கீ பின்னைத் தள்ள, கீ பின் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உடல் (சாவியோடு திரும்பும் பிளக்கைச் சுற்றியுள்ள, அசையாத பகுதி) பக்கத்து அறையில் மரை இருந்தால், மேலே போன ஸ்பூலின் விளிம்பு அந்த மரையில் தொற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடலாம். இப்போது கீ பின்னைத் தள்ள ஆளில்லை. பின்கள் மேல்பக்கமாக இருக்கும்படி பிடித்தால் கீ பின் தன் எடையிலேயே பள்ளத்தில் விழும், பூட்டும் திறக்கும். பின்கள் கீழ்ப்பக்கமாக இருந்தால் அதே கீ பின் உடலுக்குள் சரிந்து ஷியர் லைனில் (பிளக்கும் உடலும் சந்திக்கும் கோட்டில்) குறுக்கே நிற்கும். உங்கள் மேசையில் திறந்த பூட்டு நண்பரின் வைஸில் திறக்காமல் போவதற்கு இந்த ஒன்றே போதும்.

தட்டியும் திறக்கவில்லை என்றால் கீ பின்களைச் சந்தேகப்படுங்கள். அவற்றிலும் வரி வெட்டியிருந்தால், பின்னின் தலையையும் அரம் கொஞ்சம் தின்றிருக்கும். கீ பின் எவ்வளவு குட்டையானதோ அவ்வளவு டிரைவர் பின் பிளக்குக்குள் இறங்கி நிற்கும், சாவி திரும்பாது. சாவி உள்ளேயே போகவில்லை என்றால் அது வேறு கதை: டிரைவர் பின் நீளம் அதிகமாகி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய பிறகும் மேலே இடம் போதவில்லை.

சரி, அடுத்த பூட்டுக்கு வருவோம். ஆறிலும் ஸ்பூல் என்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஸ்பூல் கடினம் என்பதற்காக அல்ல, சலிப்பு தட்டும் என்பதற்காக. பிளக் சில டிகிரி திரும்பி நிற்கும், டென்ஷனை (பிளக்கைத் திருப்பக் கொடுக்கும் அழுத்தத்தை) தளர்த்தி மெல்லத் தூக்கினால் பின்னோக்கி வரும், அடுத்த பின்னுக்கும் அதே கதை. ஒரு பின்னில் கற்றதை ஆறு முறை ஒப்பிப்பதில் என்ன சவால்? இரண்டு ஸ்பூல், மரை போட்ட ஒரே ஒரு அறையில் ஒரு செரேட்டட் பின் (சுற்றிலும் வரி வெட்டிய பின்), மீதி சாதாரணப் பின்கள் என்று கலந்தால், விரல் நுனியில் ஒவ்வொன்றும் வேறு வேறாகப் பேசும். சாதாரணப் பின்னைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நாலு பொய்ச் சொடுக்கு கேட்டுப் பழகிய ஆள், நேர்மையாக ஒரே சொடுக்கில் உட்காரும் பின்னைத்தான் நம்பாமல் திரும்பத் திரும்ப நோண்டுவார்.

அரமே எடுக்காமல் பூட்டைக் கடினமாக்கும் வழி ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. சாவியின் வெட்டு வரிசை. முன்னால் ஆழமான வெட்டுக்குரிய நீளமான கீ பின், அதற்கு நேர் பின்னால் நிறைய தூக்க வேண்டிய குட்டைப் பின் என்று அமைத்துப் பாருங்கள். பின்னால் இருப்பதை எட்டப் போனால் பிக்கின் முதுகு முன்னால் இருப்பதை அளவுக்கு மேல் தூக்கிவிடும். சாவித்துவாரமும் குறுகலாக இருந்தால் இந்த ஒரு ஜோடியே ஆளைப் பாடாய்ப்படுத்தும்.

அடிப்படைப் பூட்டாக, பின்புறம் கிளிப் போட்ட அரை யூரோ சிலிண்டர் (ஒரு பக்கம் மட்டும் சாவி போடும் கதவுப் பூட்டின் உருளை) வசதி. கிளிப்பைக் கழற்றி, பிளக் விட்டத்துக்குச் சமமான ஃபாலோவர் குச்சியை விட்டுத் தள்ளினால் ஸ்பிரிங் சிதறாமல் பிளக் வெளியே வந்துவிடும். பேட்லாக்தான் வேண்டும் என்றால் உள்ளே ஸ்குரூ வைத்துக் கழற்றும் வகையைத் தேடுங்கள். அமெரிக்கன் லாக் 1100 வரிசை அப்படிப்பட்டது, செரேட்டட் பின்கள் கம்பெனியிலிருந்தே போட்டு வரும் என்பதால் பிரித்துப் பார்க்கவும் நல்ல பாடம். ரிவெட் அடித்த பூட்டைத் தொடாதீர்கள்.

பின் செய்ய, இருக்கும் பின்னை டிரில்லிங் மெஷினின் வாயில் மாட்டித் தேய்ப்பவர்கள் உண்டு. அத்தனை குட்டையான பொருளைப் பிடிப்பதற்குள் அதன் மேல் தாடைத் தடம் விழுந்துவிடும். அதைவிட, 3 மி.மீ. பித்தளைக் கம்பியை மாட்டிச் சுழலவிட்டு, நுனியிலேயே பின்னை உருவாக்கிக் கடைசியில் அறுத்தெடுப்பது சுலபம். பல பூட்டுகளில் பின் விட்டம் 0.115 அங்குலம், அதாவது 2.92 மி.மீ. ஆகவே முதலில் கம்பியை நைஸ் எமரித் தாளால் அந்தச் சொச்சம் குறையும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஊசி அரத்தால் நடுவில் இடுப்பு எடுங்கள். இரு முனையிலும் விளிம்பு அரை மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் டென்ஷனில் மடங்கும். இடுப்பை விட்டத்தில் பாதிக்குக் கீழே ஒல்லியாக்குவதில் லாபம் எதுவும் இல்லை, என்றாவது முறியும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

மரைக்கு எம்3.5 டேப் பொருந்தும். சுமார் 3 மி.மீ. அறையில் அது ஆழமில்லாமல் கடிக்கும், நமக்கு வேண்டியதும் அவ்வளவுதான். டேப் அடித்த பிறகு பிசிறு தட்டி, துகள் முழுவதையும் கழுவி எடுங்கள். ஷியர் லைன் ஓரத்தில் எஞ்சிய ஒரு மயிரிழைப் பிசிறு, நீங்கள் யோசித்து வைத்த தந்திரத்தையெல்லாம் மறைத்துவிட்டுத் தானே சவாலாகிவிடும். மரை உள்ள அறைக்குக் கொஞ்சம் விறைப்பான ஸ்பிரிங் போடுங்கள், அங்கே வரும் பின்னின் கூர்மையையும் எமரியால் லேசாக உடையுங்கள். உங்கள் பழைய பூட்டுக்கும் மருந்து இதுதான், ஆனால் ஆறு அறையில் ஐந்தின் மரை அங்கேயேதான் இருக்கும் என்பதால் புது உடலில் தொடங்குவதே மேல்.

சோதனை எளிது. பூட்டை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு நிலையிலும் சாவியைப் பலமுறை போட்டு எடுங்கள். எங்கும் தட்டாமல் திறந்தால், அடுத்து நீங்களே பிக் போட்டுத் திறங்கள். செய்தவரால் திறக்க முடியாததை அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்பது என் கட்சி, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. லண்டனில் பிரமா கம்பெனி 1790-லேயே கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கில நாணயம்) என்று அறிவித்தது. 1851-ல் ஏ. சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் செலவழித்து அதைத் திறந்தார். பதினெட்டுத் தகடு கொண்ட அந்தப் பூட்டும் உரிய சாவிக்குத் திறக்கும் பூட்டுதான். திறக்கவே முடியாதபடி செய்வதென்றால் ஓட்டையில் கொஞ்சம் பசையை ஊற்றினால் போதுமே.

பொறி வைக்க ஆசை வரும், வையுங்கள். டென்ஷனை விட்டதும் எல்லாப் பின்களும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. திரும்ப முடியாதபடி சிக்கவைக்கும் பொறி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் எழுதி அனுப்புங்கள்: திறந்த பிளக்கை அரைச் சுற்று திருப்பினால், சாவித்துவாரத்தின் அடிப்பக்கம் வழியாக டிரைவர் பின்கள் உள்ளே விழக்கூடும். உங்கள் மெல்லிய ஸ்பூல்களுக்கு அது ஆகாது.

அனுப்பும்போது சாவியை ஒட்டிய உறையில் கூடவே வையுங்கள். பின்களின் படத்தை இன்னொரு உறையில், திறந்த பிறகு பிரிக்கும்படி. அறைகளைச் சாவி நுழையும் பக்கத்திலிருந்து 1, 2 என்று எண்ணுங்கள், பிரித்துத் திரும்பப் பொருத்துபவர் வரிசை மாற்றாமல் இருக்க அது உதவும். பிளக் விட்டம் வழக்கத்துக்கு மாறானது என்றால் ஃபாலோவரையும் சேர்த்து அனுப்புவது மரியாதை. மசகுக்குக் கிராஃபைட் தூள் வேண்டாம், அடுத்தவர் கையெல்லாம் கரி.

சாவி விஷயத்தில் ஒரு கவனம். புகைப்படத்தைப் பார்த்தே சாவியை நகல் எடுக்க முடியும். எனவே வீட்டிலோ அலுவலகத்திலோ பயன்பாட்டில் உள்ள எந்தப் பூட்டின் வெட்டும் சவால் பூட்டில் வரக் கூடாது. அதேபோல் இப்படி மாற்றிய சிலிண்டர் மறுபடி கதவுக்குப் போகவே கூடாது. ஒரு நாள் பின் தொற்றி நின்றால் நீங்கள்தான் வாசலில் நிற்பீர்கள். உடலில் ‘சவால்’ என்று பொறித்துவிடுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்பினால் பூட்டோடு பிக் கருவிகளைச் சேர்க்கும் முன் அந்த நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஜப்பானில் 2003-ல் வந்த சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம்.

குறிப்பு எவ்வளவு தரலாம் என்பது உங்கள் இருவருக்குள் உள்ள உறவைப் பொறுத்தது. எத்தனை பின், உடலிலோ பிளக்கிலோ வெட்டு வேலை உண்டா, இந்த இரண்டையும் நான் எப்போதும் சொல்லிவிடுவேன். எந்த அறையில் என்ன என்பதை, அவரே மூன்றாவது முறை கேட்கும்வரை சொல்ல மாட்டேன்.