லாகின் செய்யும்போது நாம் தொடுவது ஒரு மரக்கட்டையை

கேள்வி: அன்றாட ஆங்கிலத்தில் பாய்மரக் கப்பலிலிருந்து வந்த சொற்கள் உண்டா?

நிறைய உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது, கணினியைத் திறந்ததும் நாம் செய்கிற 'லாகின்'.

அதிலுள்ள லாக் நிஜமாகவே மரக்கட்டைதான். கரை தெரியாத நடுக்கடலில் கப்பலின் வேகத்தை அறிய, கயிற்றில் கட்டிய ஒரு பலகையைப் பின்பக்கமிருந்து கடலில் போடுவார்கள். கால்வட்டமாக அறுத்த பலகை அது. வளைந்த விளிம்பில் ஈயம் இருப்பதால் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். கப்பல் முன்னே போகப் போக, சுருளிலிருந்து கயிறு ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருவர் 28 நொடி மணற்கடிகையைக் கவிழ்க்க, இன்னொருவர் ஓடும் முடிச்சுகளை எண்ணுவார். ஐந்து முடிச்சு ஓடினால் வேகம் ஐந்து 'நாட்', அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல். புயல் காற்றின் வேகத்தை இன்றும் நாட் கணக்கில் சொல்கிறார்களே, அது இந்த முடிச்சுதான்.

ஏன் இப்படி ஒரு அளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3,600 நொடியை 28ஆல் வகுத்து 47.25ஆல் பெருக்கினால் 6,075 அடி. ஒரு கடல் மைல் சுமார் 6,076 அடி! மணலையும் கயிற்றையும் வைத்து இவ்வளவு துல்லியமா என்று அசந்துபோனேன். 1574இல் வில்லியம் பார்ன் எழுதிய மாலுமிக் கையேட்டிலேயே இந்த முறை இருக்கிறது. முடிச்சு இடைவெளி பின்னால் திருத்தப்பட்டது.

அப்படி அளந்த வேகத்தை எழுதிவைத்த ஏடு லாக்புக். அப்புறம் திசை, காற்று, கப்பலில் நடந்தது எல்லாம் அதில் ஏறின. கணினி வந்ததும் அதன் பதிவுகளும் லாக் ஆயின, பதிந்து உள்ளே நுழைவது லாகின் ஆயிற்று.

'டேக்கன் அபேக்' என்பதும் அழகானது. காற்று திடீரென்று எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் பாய், பாய்மரத்தோடு அப்பிக்கொள்ளும். கப்பல் அப்படியே திணறி நின்றுவிடும். திகைத்து நிற்கும் ஆளைச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? 'பை அண்ட் லார்ஜ்' என்றால் எதிர்காற்றை ஒட்டியும் சரி, பின்காற்றிலும் சரி. அதனால்தான் 'மொத்தத்தில்' என்று பொருள்.

ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். இந்தியாவுக்குப் போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம் என்று நிழலான அறைகளைப் பணக்காரர்கள் எடுத்ததால், 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து, ஆடம்பரமான என்று பொருள்படும் 'பாஷ்' வந்தது என்பார்கள். அப்படி அச்சிட்ட ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை.