ரீல்ஸை விட முடியவில்லை, எனக்கு மனவுறுதியே இல்லையா டாக்டர்?

கேள்வி: வயது 34. தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறேன். இரவு 9 மணிக்குப் புத்தகத்தைத் திறந்ததும், 'அஞ்சே நிமிஷம்' என்று செல்போனை எடுப்பேன். நிமிர்ந்தால் மணி 12. காலை 5.30க்கு எழுந்தாக வேண்டும். ஆப்பை மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டேன். மனவுறுதிக்கு மாத்திரை உண்டா?

பதில்: மனவுறுதிக்கென்று மாத்திரை கிடையாது. உங்களுக்கு மனவுறுதி இல்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். வேலையும் பார்த்துக்கொண்டு தினமும் இரவில் புத்தகத்தைத் திறக்கிறீர்களே, அது சும்மா வருவதில்லை. சண்டை போடும் இடத்தைத்தான் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

ஜெர்மனியின் வுர்ட்ஸ்பர்க் நகரில் நடந்து, 2012இல் வெளியான ஓர் ஆய்வு. 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, ஒரு வாரம் நாளுக்குப் பலமுறை மணி அடித்து, 'இப்போது எதன் மேல் ஆசை? அடக்கப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் நாள் முழுக்க ஆசையோடு மல்லுக்கட்டுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் மல்லுக்கட்டியதே குறைவு. சபலம் எழும் சூழலில் அவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வதில்லை. கனடாவில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2017இல் வெளிவந்த ஆய்வும் இதையே காட்டியது: இலக்கை எட்டியவர்கள் சபலத்தைக் குறைவாகச் சந்தித்தவர்கள். பல்லைக் கடித்து அடக்கியதால் பெரிய பலன் தெரியவில்லை.

மூளையின் நிர்வாகத் திறன்கள் என்று நாங்கள் சொல்வதில் மூன்று முக்கியம். கை தானாகப் போவதை நிறுத்துவது, செய்ய வந்த வேலையை மனதில் பிடித்து வைத்திருப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது. போனை எடுக்கும்போது முதலாவது சறுக்குகிறது. ரீல்ஸ் ஓட ஓட இரண்டாவது நழுவுகிறது. ஒன்று முடியும் முன்பே அடுத்தது வந்து நிற்பதால், 'படிக்க வந்தோமே' என்ற நினைப்பு தலைதூக்க இடைவெளியே கிடைப்பதில்லை. 12 மணிக்கு மாறும் திறனும் ஓய்ந்துவிடும். உங்கள் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். தினம் 6 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் இரண்டு வாரத்தில், இரவு முழுக்க விழித்தவர்களின் நிலைக்கு இறங்கியதை 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு மந்தமானது தெரியவில்லை.

ஆகவே சண்டையை 9 மணிக்கு வைக்காதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். சார்ஜரை ஹாலுக்கு மாற்றுங்கள். சாப்பிட உட்காரும் முன் போனை அங்கே செருகிவிட்டு, அழைப்பு மணியை மட்டும் சத்தமாக வையுங்கள். அவசரம் என்றால் கேட்கும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். 'அலாரத்துக்காக' என்றுதான் பலருடைய போன் படுக்கைக்கு வருகிறது. பாடக்குறிப்பு போனில் இருந்தால் இந்த ஏற்பாடு இரண்டே நாளில் உடையும், அதனால் அந்த வாரத்துக்கு வேண்டிய பக்கங்களை ஞாயிறன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். ஆப்பில் நேர வரம்பு வைப்பதை நான் நம்புவதில்லை. அதைத் தள்ளிவிட ஒரு தட்டு போதும்.

அடுத்து, 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரே ஒரு வாக்கியம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் வகுத்த இந்த முறையைப் பற்றிய 94 ஆய்வுகளை 2006இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது நல்ல பலன் தெரிந்தது. உங்களுக்கு இப்படி: 'சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும், மேசையில் விரித்திருக்கும் பக்கத்தின் முதல் கணக்கைப் போடுவேன்.' மணியைக் குறிக்காதீர்கள். சாப்பாடு அரை மணி தள்ளினால் திட்டமும் போய்விடும். 'போனை எடுக்க மாட்டேன்' என்றும் எழுதாதீர்கள், அது போனையே நினைவூட்டும். முந்தின இரவு ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, பேனாவை அதன் மேல் வைத்துவிட்டுப் படுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற யோசனையே வராது. முதல் வாரம் 25 நிமிடம் போதும், 10.15க்குப் படுத்துவிடுங்கள்.

ஒரு நாள் தவறினால் நாள்கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். லண்டனில் 2010இல் வெளியான பழக்க ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று கணக்கிட்டார்கள். ஒரு நாள் விட்டதால் பெரிய பின்னடைவு இல்லை.

இனி மாத்திரை பற்றி. பள்ளியிலும் வீட்டிலும் 12 வயதுக்கு முன்பிருந்தே கவனம் சிதறுவது, பொருளைத் தொலைப்பது, தொடங்கியதை முடிக்காதது இருந்து, இப்போது வேலையிலும் தொடர்ந்தால் அது ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. மனநல மருத்துவர் பரிசோதித்து எழுதித்தர வேண்டும். நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சில மாதங்களாகத்தான் இந்தத் தொல்லை என்றால் தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பாருங்கள். பலத்த குறட்டையோடு பகலில் தூக்கம் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் வாருங்கள். வரும்போது இரண்டு வாரம் தூங்கிய, எழுந்த நேரத்தைக் குறித்த தாளும், பழைய பள்ளி ரேங்க் கார்டும் கையில் இருக்கட்டும்; சிறுவயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது.