பத்து நாள் பூட்டி வைத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: டாக்டர், எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. அப்பா சவுதியில் டிரைவர். நான் தனியார் பள்ளியில் டீச்சர். தம்பிக்கு 21 வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். போன வாரம் அவன் பைக் சீட்டுக்கு அடியில் நாலு சிரிஞ்சும் வலி மாத்திரை அட்டைகளும் இருந்தன. கேட்டதும் சண்டை போட்டான், அப்புறம் அழுதான். எட்டு மாதமாக மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறானாம். கூட நாலைந்து பையன்கள், எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள். வெளியில் மூச்சு விடக் கூடாது என்கிறார் அம்மா, எனக்கு வரன் பார்க்கிறார்கள். கட்டிப் போட்டுத் திருத்தும் இடம் ஒன்று தெரியும் என்கிறார் மாமா. பத்து நாள் வீட்டிலேயே பூட்டி வைத்தால் சரியாகிவிடுமா? எச்.ஐ.வி. வந்திருக்குமா? இதெல்லாம் மெட்ராஸில்தான் என்று நினைத்திருந்தோம். அந்தச் சிரிஞ்சுகளைப் பரணில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரி, பூட்டி வைக்காதீர்கள். மாமா சொல்லும் இடத்துக்கும் அனுப்பாதீர்கள். இதை அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், காரணத்தை நான் விளக்குகிறேன்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டேப்பென்டடாலாக இருக்கலாம் என்பது என் ஊகம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி, புற்றுநோய் வலி போன்றவற்றுக்கு எழுதப்படும் மாத்திரை அது. அபினி, மார்ஃபின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் மூளையில் இதுவும் வேலை செய்கிறது. அட்டையில் இருக்கும் பெயரை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எட்டு மாதம் தொடர்ந்து போட்ட உடம்பு, மருந்து இருப்பதையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கில் தண்ணீர், வியர்வை, புல்லரிப்பு என்று ஆரம்பிக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுப்போக்கு, வாந்தி, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, தூக்கமே இல்லாத இரவுகள். காலை உதறிக்கொண்டே இருப்பான். ஒரு வாரம், பத்து நாளில் இது அடங்கிவிடும். ஆரோக்கியமான இளைஞனுக்கு இதனால் மட்டும் உயிர் போவது அரிது. ஆனால் கூடவே தூக்க மாத்திரையோ தினசரிக் குடியோ இருந்தால் கதையே வேறு. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தம்பியிடம் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, பத்து நாளில் அடங்கிவிடும் என்றால் பூட்டி வைப்பதில் என்ன தப்பு என்று அம்மா கேட்பார். உண்மையான ஆபத்து பதினோராம் நாள்தான் ஆரம்பிக்கிறது. நிறுத்திய சில நாட்களிலேயே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். ஏக்கம் மட்டும் இறங்காது. வெளியே வந்த பையன் பழைய கணக்கிலேயே ஒரு ஊசி போடுவான். முன்பு தாங்கிய அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். அரசு மருத்துவமனையில் நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு தனியார் இல்லத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்துவிட்டு வந்த பையனை, வீடு திரும்பிய நாலாம் நாள் உயிரில்லாமல் கொண்டுவந்தார்கள். "திருந்திட்டான் சார், மொட்டை கூட போட்டோம்" என்று அவன் அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் அடியும் சங்கிலியும் இந்த நோய்க்கு மருந்தல்ல. அது சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் மருந்து எது? பியூப்ரினார்ஃபின் என்று ஒரு மாத்திரை, நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடுவது. மூளையில் அதே இடத்தில் போய் உட்காரும், ஆனால் பாதி வேலைதான் செய்யும். உதறலும், அதாவது நிறுத்தியதும் வரும் அந்த அவஸ்தைகளும், ஏக்கமும் அடங்கும், ஆள் மிதக்க மாட்டான், வேலைக்குப் போகலாம். கடைசி ஊசிக்குப் பிறகு போதிய நேரம் கழிந்து, உதறல் தொடங்கிய பின்தான் முதல் மாத்திரை கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் அதுவே கடுமையான உதறலைக் கிளப்பிவிடும். ஆகவே யாரோ நண்பனிடம் வாங்கி வீட்டில் முயற்சி செய்யும் மருந்து அல்ல இது. அரசு மையங்களிலும் அனுமதி பெற்ற இடங்களிலும் மேற்பார்வையில் கொடுப்பார்கள்.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றா?" என்பார்கள். என் சக மருத்துவர்களிலேயே சிலர் அப்படித்தான் பேசுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குப் பத்து வருடம் மாத்திரை எழுதும்போது இந்தக் கேள்வி அவர்களுக்கு ஏன் வருவதில்லை என்று தெரியவில்லை. இந்தச் சிகிச்சையில் இருக்கும் காலத்தில் மரண ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பல நாடுகளில் பார்த்து உறுதியான விஷயம். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். நால்ட்ரெக்ஸோன் என்று இன்னொரு மருந்தும் உண்டு. அதற்கு முன் ஒரு வாரம் பத்து நாள் முற்றிலும் சுத்தமாக இருக்க வேண்டும், தினமும் தவறாமல் விழுங்கவும் வேண்டும். 21 வயதுப் பையனிடம் அதை நம்பி நான் தொடங்க மாட்டேன்.

இனி உங்கள் ஆச்சரியத்துக்கு வருகிறேன். மெட்ராஸில்தான் என்று நினைத்தேன் என்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்நூறு பேரூராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் ஊர் மாதிரி நிறைய ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போகிற வயதினர் வளைகுடாவிலோ திருப்பூரிலோ சென்னையிலோ இருப்பார்கள். ஊரில் மிஞ்சுவது வயதானவர்கள், பெண்கள், குழந்தைகள், அப்புறம் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இந்தப் பையன்கள். மாதம் பிறந்தால் பணம் வரும், கேள்வி கேட்க அப்பா இல்லை. மெடிக்கல் ஷாப் நாலைந்து இருக்கும், மனநல மருத்துவர் ஒருவர் கூட இருக்க மாட்டார். நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் போனால்தான் உண்டு. இதில் "நம்ம ஊர்ல இல்ல" என்ற நம்பிக்கையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட போதைப்பொருள் ஆய்வு, நாட்டில் ஊசி வழியாகப் போதை ஏற்றிக்கொள்பவர்கள் எட்டரை லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அத்தனை பேரும் பெருநகரத்து ஆட்கள் அல்ல.

சிற்றூரில் இன்னொரு சிக்கல், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் ஆஸ்டின் என்று ஒரு ஊர், மக்கள்தொகை 4,200 அளவில். வேலையின்மை, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், பரிசோதனை வசதியின்மை எல்லாம் சேர்ந்த ஊர். அங்கேயும் வலி மாத்திரைதான், ஆக்ஸிமார்ஃபோன், அதைக் கரைத்து ஊசி. அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். சில வீடுகளில் பாட்டி, மகள், பேரன் என்று மூன்று தலைமுறையும். அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து வருடத்துக்கு ஐந்து எச்.ஐ.வி. கூடத் தென்படாத இடம் அது. 2014 கடைசியில் தொடங்கி இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று வந்துவிட்டது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் இருந்தது. 2015 மார்ச்சில் ஆளுநர் மைக் பென்ஸ் சுகாதார அவசரநிலை அறிவித்து, அதுவரை அங்கே சட்டம் அனுமதிக்காத சுத்தமான ஊசி வழங்கலுக்கு வழிவிட்டார். கூடவே பரிசோதனையும் மருந்தும் கொண்டுபோன பிறகுதான் பரவல் அடங்கியது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் தெருவின் நாலைந்து பையன்களும் ஒரே வலைதான். தம்பியை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தால் போதாது, அந்த வீடுகளுக்கும் எப்படியாவது சேதி போக வேண்டும். "உங்க பையன் கெட்டுப்போயிட்டான்" என்று போகாமல், "ரத்தப் பரிசோதனை இலவசம், நாங்கள் போகிறோம், நீங்களும் வாங்க" என்று போனால் கதவு திறக்கும்.

எச்.ஐ.வி. வந்திருக்குமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அவன் ஊசியைப் பகிர்ந்தானா என்று கேளுங்கள். ஊசி மட்டுமல்ல, கரைக்கும் மூடி, தண்ணீர், வடிகட்டும் பஞ்சு இவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைட்டிஸ் சி பரவும். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. இலவசப் பரிசோதனை, முடிவைத் தம்பியிடம் மட்டும்தான் சொல்வார்கள். இன்று இல்லை என்று வந்தாலும் கடைசியாகப் பகிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் சி இருந்தால் சாதாரணமாகப் பன்னிரண்டு வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு முற்றிலும் குணமாகிறது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம். எச்.ஐ.வி.-யாக இருந்தாலும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் முழு ஆயுள் வாழலாம். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் கையோடு போட்டுவிடுங்கள்.

கிருமி இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரை அது. மாவுக்கல் தூள், செல்லுலோஸ் என்று கரையாத சமாச்சாரங்கள் அதில் இருக்கும். ரத்தத்தில் ஏற்றினால் அவை நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். ஏப்ரல் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா, கை வீங்கியிருக்கிறதா, சீழ்க் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். விடாத குளிர்க் காய்ச்சல் என்றால் இதய வால்வில் கிருமி உட்கார்ந்திருக்கலாம். மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒருநாள் அவன் எழுப்பினாலும் எழுந்திருக்காமல், உதடு நீலம் பாரித்து, குறட்டை போல இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் உடனே 108. "ஊசி போட்டிருக்கிறான்" என்பதை மறைக்காதீர்கள், நாலாக்ஸோன் என்ற முறிமருந்து ஆஸ்பத்திரியில் உண்டு, தெரிந்தால்தான் போடுவார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே இருங்கள். மூச்சு நின்றால் மல்லாத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து நொடிக்கு ஒரு தடவை வாயில் ஊதுங்கள். நாடித்துடிப்பும் இல்லையென்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். அறைந்து எழுப்புவது, தலையில் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நேரத்தை விழுங்கும் வேலை.

எங்கே போவது? திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே புறநோயாளிச் சீட்டு வாங்கினால் போதும். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, மனநல ஆலோசனைக்கான அரசு எண், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. முதல் நாள் அவனைத் தனியாக டாக்டரிடம் பேச விடுங்கள், நீங்களும் அம்மாவும் வெளியே உட்காருங்கள். "போலீஸுக்குச் சொல்லிவிடுவார்கள்" என்ற பயம் இந்தப் பையன்களுக்கு நிறைய. 2017 மனநலச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயில் சேர்த்து, நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும், உபயோகித்ததற்காகவோ சிறு அளவுக்காகவோ வழக்கு உள்ளவன் தானாகச் சிகிச்சைக்கு வந்து அதை முடித்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு தருகிறது. விற்பவனுக்கு இது பொருந்தாது.

உங்கள் வரன் விஷயம். அம்மா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது, சின்ன ஊரில் பேச்சு எப்படி ஓடும் என்று எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போவதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அப்பாவுக்குச் சொல்லுங்கள், அனுப்பும் பணம் எங்கே போனது என்று அவருக்கும் தெரிய வேண்டும். தம்பிக்கு ஒரு கல்யாணம் பண்ணினால் திருந்துவான் என்று அடுத்து யாராவது வருவார்கள், அதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறொரு வீட்டுப் பெண்ணை இதில் இழுப்பது நியாயமில்லை.

பரணில் இருக்கும் சிரிஞ்சுகளைக் கையால் தொடாதீர்கள், மூடியைத் திரும்ப மாட்டப் பார்க்காதீர்கள். இடுக்கியால் எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடி, டேப் சுற்றி, மேலே 'ஊசி' என்று எழுதுங்கள். சீட்டு வாங்கப் போகும் அன்று கூடவே எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் ஊசி போடும் அறையில் இருக்கும் நர்ஸிடம் கொடுத்துவிடலாம். பேரூராட்சி வண்டியில் போட வேண்டாம். காலையில் உங்கள் தெருக் குப்பையைப் பிரிக்கும் அம்மா கையுறை இல்லாமல்தான் பிரிப்பார்.