கையைத் தோளில் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

அயர்லாந்தில், கால்வேயில் இருக்கிறேன். கணவருக்கு மீன்பிடிப் படகில் வேலை. அவருக்கு ஒரு மீனவர் ஸ்வெட்டர் பின்னுகிறேன். குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, மூழ்கியவரை அதை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள் என்கிறார்கள். எங்களுக்கு எந்தப் பின்னல் பொருந்தும்? அக்ரிலிக் நூல் போதுமா? கைகளை மணிக்கட்டிலிருந்து தனியாகப் பின்னித் தைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

செல்வி

அன்புள்ள செல்வி,

அக்ரிலிக் வேண்டாம், கம்பளி வாங்குங்கள். பின்னல் உங்களுக்குப் பிடித்தது எதுவோ அது.

அந்தப் பிணக் கதையை யார் சொன்னாலும் நம்பிவிடுவதா? கடலுக்குப் போகிறவருக்குப் பின்னும்போது இதையா நினைத்துக்கொண்டு உட்கார்வது? ஐரிஷ் நாடகாசிரியர் சிஞ்சின் நாடகம் ஒன்று 1904இல் டப்ளினில் மேடையேறியது. அதில் மூழ்கிப்போன அண்ணனைத் தங்கை அடையாளம் காண்பது ஸ்வெட்டரால் அல்ல, காலுறையால். தான் பின்னும்போது நழுவவிட்ட நாலு கண்ணிகள் அதில் இருக்கின்றன. குலத்துக்கொரு பின்னல் என்பதெல்லாம் பிற்பாடு ஸ்வெட்டர் விற்கச் சொன்னது.

ஆனால் கைகளைத் தனியாகப் பின்னித் தைக்கப்போவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

இங்கிலாந்தின் விட்பியில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய கான்ஸி ஒன்றைப் பார்த்தேன். மீனவர்களின் கருநீல ஸ்வெட்டருக்கு அங்கே அதுதான் பெயர். ஐந்து இழை நூல், நெருக்கமான பின்னல். உடம்பைக் குழாய்போலச் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தார்கள், எங்கும் தையல் கிடையாது. வலை இழுக்கக் கை தாராளமாக உயர வேண்டும் என்று அக்குளில் ஒரு சதுரம். முழங்கைவரை நூல் வெளுத்திருந்தது. அதற்குக் கீழே மட்டும் நல்ல அடர்நீலம். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்த பிறகுதான் புரிந்தது: அந்தப் பகுதி பிரித்துத் திரும்பப் பின்னப்பட்டது.

உப்பிலும் கயிற்றிலும் முதலில் நைந்துபோவது மணிக்கட்டுதான். பின்னலோ முடித்த முனையிலிருந்துதான் சுலபமாகப் பிரிந்து வரும், தொடங்கிய முனையிலிருந்து வராது. அதனால்தான் மீனவர் வீட்டுப் பெண்கள் தோளில் கண்ணி எடுத்துக் கீழ்நோக்கிப் பின்னினார்கள். நைந்தால் பிரி, புது நூல் போடு, அடுத்த பருவத்துக்கும் அவன் போட்டுக்கொண்டு போகட்டும். பூ வேலைப்பாட்டைக்கூடப் பலர் மேல்கையோடு நிறுத்திக்கொண்டார்கள், திரும்பப் பின்னும்போது சிரமம் கூடாதே என்று. அவன் திரும்பி வருவான் என்று நினைத்தவள் பின்னியது அம்மா அது!

கைகளை ஏற்கெனவே பின்னத் தொடங்கியிருந்தால் பிரித்துவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. தோளிலிருந்து தொடங்குங்கள். முழங்கைக்குக் கீழே வெறும் பின்னல் போதும். அப்புறம், அதே சாயத்தில் இரண்டு நூல்கண்டு கூடுதலாக வாங்கிப் பெட்டியில் வையுங்கள். நாலு வருஷம் கழித்துத் தேடினால் அந்த நீலம் கிடைக்காது.