ஆட்டை ஓட்ட நாயா, ஆட்டோடு நிற்க நாயா?

கேள்வி: நாங்குநேரி பக்கம் மூன்று ஏக்கர் நிலத்தில் 35 செம்மறி ஆடுகள் வைத்திருக்கிறேன். வெளிநாட்டு வேலையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. மேய்ச்சலுக்கு நானும் அம்மாவும்தான். போன கார்த்திகையில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து நான்கு குட்டிகளைக் கொன்றுவிட்டன. அதன் பிறகு காவலுக்கென்று வாங்கிய சிப்பிப்பாறை நாய்க்கு இப்போது ஏழு மாதம். அது ஆடுகளைத் துரத்துகிறது. ஒரு குட்டியின் காதையும் கிழித்துவிட்டது. வீடியோக்களில் பார்டர் கோலி நாய் ஒரு விசிலுக்கு நூறு ஆட்டை மடக்கிக் கொண்டுவருகிறதே, அதை வாங்கலாமா? ரத்தருசி கண்ட நாயை வைத்திருக்கக் கூடாது என்று ஊரில் சொல்வது உண்மையா?

பதில்: பார்டர் கோலி வேண்டாம். அது மோசமான நாய் என்பதால் அல்ல. உங்களுக்கு இல்லாத ஒரு பிரச்சினைக்கு அது மருந்து, அவ்வளவுதான்.

அந்த இனம் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையான மலைநாட்டில் உருவானது. இன்றைய பார்டர் கோலிகளின் மூதாதை என்று சொல்லப்படும் ‘ஓல்ட் ஹெம்ப்’ என்ற நாய் 1893-இல் பிறந்தது. அங்கே ஆடுகள் ஆளில்லாமல் மலையெங்கும் சிதறி மேயும். மனிதக் குரலுக்கு வந்து பழகியவை அல்ல. அவற்றைத் திரட்ட, ஓநாயின் வேட்டைக் குணத்தில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை அடக்கி அந்த நாயை வளர்த்தெடுத்தார்கள். முறைப்பது, பதுங்குவது, வளைப்பது எல்லாம் உண்டு. கடித்துக் கொல்வது மட்டும் இல்லை. ஆடு ஓடுவது அதைக் கண்ட பயத்தில்தான்.

நம் ஊர் ஆடு அப்படியா? உங்கள் அம்மா பட்டி வாசலில் நின்று நாக்கைச் சொடுக்கி ஒரு குரல் கொடுத்தால் மணி கட்டிய தாயாடு முன்னால் நடக்கும், மற்றவை அதன் பின்னால் வரும். முன்னால் ஒருவர், பின்னால் கம்போடு ஒருவர். 35 ஆட்டுக்கு இது போதும். இதில் கோலிக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது?

இன்னொன்று, உங்கள் நிலத்தின் அமைப்பு. கோலி ஆட்டை நேராகப் போய் முட்டாது. நூறு இருநூறு மீட்டர் தள்ளி வளைந்து ஓடித்தான் மறுபக்கம் போகும். மூன்று ஏக்கரில் அந்த வளைவு அடுத்தவர் வாழைத்தோட்டத்துக்குள் போய்விடும். நம் பக்கத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நான் பணியில் இருந்தபோது, நாய் விரட்டிய ஆட்டுக் கிடை ஒன்று அப்படிப்பட்ட கிணற்றை நோக்கி ஓடியதைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆடு விழுந்தது. பின்னால் வந்தவை யோசிக்கவே இல்லை, ஒவ்வொன்றாகக் குதித்தன. கயிறு கட்டி மேலே எடுத்தபோது ஒன்றின் உடம்பில்கூடப் பல் பட்ட காயம் இல்லை. ஓட்டம்தான் அவற்றைக் கொன்றது. போதாக்குறைக்கு, கத்திரி வெயிலில் இரட்டை அடுக்கு ரோமத்தோடு அந்த நாய் என்ன பாடுபடும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஆட்டோடு நிற்கிற நாய். நம் நாட்டுக்கு அது புதிதல்ல. 2005-இல் வெளிவந்த நாய் இன அஞ்சல் தலைகளில் ராஜபாளையம் நாயோடு இமாலய ஆட்டு நாயும் இருந்தது. அது காவல் நாய்தான். நம் பக்கத்தில் அந்த வேலையைப் பெயரில்லாத கிடை நாய் செய்கிறது. பிசான நெல் அறுவடை முடிந்ததும் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் ஆடுகளை அடைத்துக் கிடை போட வருகிற கீதாரிகளிடம், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்களிடம், கவனித்திருப்பீர்கள். செந்நிறத்திலோ கறுப்பிலோ, சாதாரண நாட்டு நாய். அதன் தகுதி அதன் நடத்தையில் இருக்கிறது. குட்டி போட்ட தாயாடு அதைப் பார்த்து முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டினால், அந்த நாய் தலையைத் தாழ்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் சுற்றி அடுத்த பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆட்டிடம் தோற்கத் தெரிந்த நாய்தான் காவலுக்கு ஆகும்.

சிப்பிப்பாறைக்கு அது வராது. ஓடுவதைக் கண்டால் துரத்து என்பதற்காகவே தலைமுறை தலைமுறையாக முயல் வேட்டைக்கு வளர்த்த நாய் அது. வேட்டையை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. நாயின் ரத்தத்தை எந்தச் சட்டமும் மாற்றவில்லை. கன்னி நாயும் அந்த வகைதான். ராஜபாளையம் பன்றி வேட்டைக்கு வந்தது; அந்த வெள்ளை இனத்தில் காது கேளாத குட்டிகளும் பிறப்பதுண்டு. கோம்பை வீட்டுக்கு நல்ல காவல், ஆனால் பாதையில் வருகிற போகிறவர்களோடு வழக்கு வரும். உங்கள் சிப்பிப்பாறையை அடிக்க வேண்டாம், யாருக்கும் தள்ளிவிடவும் வேண்டாம். வீட்டு வாசலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆடு இருக்கும் இடத்துக்குக் கயிறு இல்லாமல் ஒருநாளும் விடாதீர்கள்.

ரத்தருசி விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தின் ருசி நாயைக் கொலைகாரனாக்குவதில்லை. துரத்தினால் ஆடு ஓடும், ஓடினால் மேலும் துரத்தலாம் என்கிற அந்த விளையாட்டின் ருசிதான் கெடுக்கிறது. ஒரு தடவை அதை அனுபவித்த நாய் மறக்காது என்பது மட்டும் உண்மை. நாய்க்குப் பச்சை இறைச்சி போட ஊரார் பயப்பட வேண்டியதுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஆடு அறுத்த இடத்தில் குடல், ஈரல், தலை ஆகியவற்றை நாய்க்கு எறிகிறோம். அவற்றில் நீர்க்கட்டிகள் இருந்தால் நாயின் குடலில் நாடாப்புழுவாக வளரும். அதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லில் ஒட்டும். ஆடு மேயும்போது மறுபடி உள்ளே போய் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகும். ஒரு வகைப் புழு மூளைக்கே போய்விடும். அந்த ஆடு கிடையை விட்டு ஒதுங்கும், தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். கொம்புக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் சில ஆடுகளில் மண்டையோடு பழுத்த மாங்காய் போல உள்ளே அமுங்கும். வயிற்று மருந்தும் மந்திரிப்பும் அதற்கு உதவாது. ஈரல் கட்டி மனிதர்களுக்கும் வரும். நாயோடு விளையாடிவிட்டுக் கை கழுவாமல் சாப்பிடுகிற குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம்.

ஆகவே, கழிவு இறைச்சியை நன்றாக வேகவைக்காமல் நாய்க்குப் போடாதீர்கள்; இறந்த ஆட்டை ஆழமாகப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுங்கள். கடையில் ‘பூச்சி மாத்திரை’ என்று கேட்காமல் ‘பிராசிகுவான்டல்’ சேர்ந்த மாத்திரையா என்று கேளுங்கள். அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கொடுத்த பின் இரண்டு நாள் நாயைக் கட்டிப்போட்டு, மலத்தை அள்ளி எடுத்துப் புதைக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினில் மீந்ததை நாய்க்கு ஊற்றுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள்; கோலி வழி வந்த நாய்கள் சிலவற்றுக்கு அது உயிரையே எடுத்துவிடும்.

இனி, குட்டி வளர்ப்பது. ஏழெட்டு வார வயதில் எடுங்கள். அந்த வயதிலிருந்து மூன்றரை, நான்கு மாதம் வரை யாரோடு படுத்து எழுகிறதோ அவர்களைத்தான் நாய் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் வளர்த்துவிட்டு ஆறாம் மாதம் பட்டிக்கு அனுப்பினால், அது பட்டியிலிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பட்டியின் ஒரு மூலையில் சின்னதாகப் படல் கட்டி, அதில் நாய்க்குட்டியை விடுங்கள். பால் மறந்த இரண்டு மூன்று ஆட்டுக்குட்டிகளும் சாதுவான ஒரு தாயாடும் பக்கத்தில் இருக்கட்டும். நாய்க்குட்டி நுழைந்து ஒளிந்துகொள்ள ஓர் இடைவெளி அவசியம்; முட்டுகிற ஆட்டிடம் சிக்கி அடிபட்டால் பயமோ பகையோ இரண்டில் ஒன்று வளர்ந்துவிடும். கொஞ்சுவதற்குத் தடை இல்லை, ஆனால் கொஞ்சுவது பட்டியில் நடக்கட்டும். சோறும் அங்கேயே. பழைய சோறும் மோரும் மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. முட்டையோ வேகவைத்த இறைச்சியோ சேர வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பிறகு ஆண்டுதோறும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது உங்களுக்கு வசதி.

நான்காம் மாதத்திலிருந்து பத்தாம் மாதம் வரைதான் சோதனைக் காலம். எந்த நல்ல நாயும் அப்போது குட்டிகளின் வாலை இழுக்கும், காதைக் கவ்வும். பார்த்த நொடியில் அதட்டிப் பிரித்துவிடுங்கள். அரைமணி கழித்து அடித்தால் அதற்கு ஒன்றும் புரியாது. துரத்தல் நிற்கவில்லையென்றால், வேலி தாண்டுகிற மாட்டுக்குக் கட்டுவது போலக் கழுத்தில் ஒரு மெல்லிய கட்டையைக் கொஞ்ச நாள் தொங்கவிடுங்கள். நடக்கலாம், படுக்கலாம், ஓடினால் முழங்காலில் தட்டும். நீங்கள் கூட இருக்கும் பகலில் மட்டும் கட்டுங்கள். ஒன்றரை, இரண்டு வயதுக்கு முன் குட்டிகளோடு தனியாக விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள், மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையே ஆனாலும். முதல் நாய் நிலைக்கும் முன்பே இரண்டாவதை வாங்குவதும் தவறு. இரண்டு விடலை நாய்கள் சேர்ந்தால் அது காவல் அல்ல, வேட்டைக் கூட்டம்.

அன்றாட நடை எளிது. காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுகிறீர்கள், பதினொரு மணிக்கு வேப்ப நிழலுக்குக் கொண்டுவருகிறீர்கள், வெயில் தாழ்ந்து மறுபடி மேய்ச்சல். நாய் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகப் போய்வரட்டும். அதற்கு வேலை சொல்லாதீர்கள். ‘விடு, பிடி’ என்று ஏவிவிட்டு ஆட்டை மடக்குகிற ஆசை வரும். ஐந்து மாதச் சினையில் கடைசி மாதத்தில் இருக்கிற ஆட்டை ஒரு தடவை விரட்டினாலே குட்டி கலையலாம்.

ஒரே நாய் ஆறேழு தெருநாய்களைத் தடுத்துவிடாது. குரைத்து உங்களை எழுப்பும். அதனால் படலும் வலையும் விளக்கும் அப்படியே வேண்டும். களக்காடு, பாபநாசம் பக்கத்து மலையடிவாரத்தில் யாராவது இதைப் படித்தால், நாயை இரவில் வெளியே கட்டிப்போடாமல் பட்டிக்குள்ளேயே அடையுங்கள். சிறுத்தைக்கு ஆட்டைப் போலவே நாயும் இரைதான். கடிபட்ட ஆட்டின் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். ரோமத்துக்குள் பார்த்தால் சின்னத் துளையாகத்தான் தெரியும். உள்ளே சதை கிழிந்திருக்கும்.

நாய்க்குட்டிக்குப் பங்குனி வரை பொறுங்கள். கிடை இறங்கியதும் கீதாரியிடம் விலை பேசி வாங்குங்கள். சும்மா கொடுக்கிறேன் என்றாலும் காசு கொடுங்கள். குட்டியை விடத் தாய் நாயைப் பார்ப்பது முக்கியம். அதிகாலையில் கிடை கலையும் நேரத்தில் போய், ஆடுகள் எழுந்து உதறும்போது அது என்ன செய்கிறது என்று நின்று கவனியுங்கள். மதியம் போனால் எல்லா நாயும் நல்ல நாயாகத் தூங்கிக்கொண்டிருக்கும்.