மண்டைக்குள் போக எத்தனை வருஷம்?

குழந்தைகளின் மூளை அறுவை மருத்துவராவது எப்படி என்று கேட்டு இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பாக்கள் எழுதியவை. படிக்கப்போகிறவர் எழுதியது மூன்றுதான்.

எம்.டி. குழந்தை மருத்துவம் முடித்துவிட்டுக் குழந்தைகள் மூளை அறுவைக்கு மாறலாமா? (மாணவி, காட்பாடி)

முடியாது. அந்த எம்.டி. உங்களை டி.எம். நரம்பியல் என்ற மேல்படிப்புக்குக் கொண்டுபோகும், அங்கே வலிப்பு, மருந்து, மூளையின் மின்னலையைப் பதியும் இ.இ.ஜி. கத்தி பிடிக்க வேண்டுமென்றால் எம்.எஸ். பொது அறுவை, பிறகு மூளை, நரம்பு அறுவைக்கான எம்.சிஎச். நியூரோசர்ஜரி.

மகன் பயாலஜியில் 98. குழந்தை நியூரோசர்ஜன் ஆக எத்தனை வருடம்? சம்பளம் எவ்வளவு வரும்? (தந்தை, ஆற்காடு)

பையன் எங்கே ஐயா? அவன் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லையே.

கணக்கு இதுதான். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம், எம்.எஸ். மூன்று, எம்.சிஎச். மூன்று. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாகச் சேரும் ஆறு வருடப் படிப்பும் சில இடங்களில் உண்டு. அதில் மிச்சமாவது ஒரு நுழைவுத்தேர்வு, வருடம் அல்ல. அப்புறம் குழந்தைகளுக்கென்றே ஒன்றிரண்டு வருட ஃபெலோஷிப், அதாவது சிறப்புப் பயிற்சி. நீட்டுக்காகக் காத்திருப்பது, படிக்கும்போது எழுதிக் கொடுத்த பாண்டுக்காக (ஒப்பந்தம்) வேலை பார்ப்பது எல்லாம் சேர்த்தால் 33 வயது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடப்படித்தவன் அதற்குள் வீடு கட்டிக் கிரகப்பிரவேசமே முடித்திருப்பான்.

தலையில் நீர் கோத்த குழந்தைக்கு, நீரை வடிக்கும் குழாயான ஷன்ட் வைக்கிறோம். பத்தில் மூன்று நான்கு, முதல் வருடத்துக்குள்ளேயே அடைத்தோ வேறு விதத்திலோ பழுதாகிவிடும். அது பெரும்பாலும் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் தெரியவரும். அதே குழந்தை மீசை முளைத்த பிறகும் உங்களைத் தேடி வரும். இது பிடித்தவன்தான் இந்த வேலையில் நிலைப்பான். அப்பா ஆசைக்காக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், எம்.எஸ். இரண்டாம் வருடமே முகம் வாடிவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே 'நியூரோசர்ஜன் ஃபவுண்டேஷன்' என்று பணம் வாங்கும் கோச்சிங் கடைகளும் வந்துவிட்டன. எட்டாம் வகுப்பில் கற்க வேண்டியது சைக்கிள்.

சம்பளம்? 33 வயதில் அவனே கேட்டுத் தெரிந்துகொள்வான்.

அரசுப் பள்ளியில் படிக்கிறேன். எனக்கு வழி உண்டா? (மாணவன், குடியாத்தம்)

உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியென்றால் எம்.பி.பி.எஸ். இடத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. கட்டணத்தையும் தமிழக அரசே கட்டுகிறது. நீயே எழுதினாய் தம்பி, அதற்கே ஒரு சபாஷ்.

பெரியவர் தலையும் குழந்தை தலையும் ஒன்றுதானே, தனிப் பயிற்சி எதற்கு? (சோளிங்கர்)

மூன்று கிலோ சிசுவின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி. ஒரு டம்ளர். பெரியவரிடம் நாம் கணக்கிலேயே எடுக்காத கசிவு இங்கே உயிரை எடுக்கும். எலும்பு மெல்லியது, பெரியவர் தலையைப் போல முள் குத்திப் பிடித்து நிறுத்த முடியாது. குழந்தை குளிர்ந்துவிடும் என்று ஆபரேஷன் தியேட்டரை வேறு சூடாக வைப்போம். வேலூர் வெயிலில் வளர்ந்ததற்கு அங்கே ஒரு பிரயோஜனம் உண்டு.

எனக்குக் கை லேசாக நடுங்கும். (ஆம்பூர்)

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லார் கையும் நடுங்கும். முழங்கையை ஊன்றப் பழகுவதுதான் பயிற்சி.

நியூரோசர்ஜரி இந்தியாவில் வேலூரில்தான் தொடங்கியதாமே?

ஆமாம். 1949இல் சி.எம்.சி. மருத்துவமனையில் ஜேக்கப் சாண்டி தொடங்கினார்; கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். மறுவருடம் சென்னையில் பி. ராமமூர்த்தி.

பெண்ணுக்கு இது சரிவருமா? (தந்தை, ஆரணி)

ராமமூர்த்தியிடம் பயின்ற டி.எஸ். கனகா 1968இலேயே எம்.சிஎச். முடித்துவிட்டார். மீண்டும் சொல்கிறேன், அடுத்த கடிதத்தை உங்கள் மகள் எழுதட்டும்.

குழந்தைக்குத் தலை பெரிதாகிறது. உங்களைப் போன்ற டாக்டர் ஆக எங்கே படிக்க வேண்டும் என்றும் சொல்லவும். (போளூர்)

இரண்டாவது கேள்வி கிடக்கட்டும் அம்மா. குழந்தையின் வயது எழுதவில்லை, தலைச்சுற்றளவு எழுதவில்லை, வாந்தி உண்டா, கருவிழி கீழே இறங்கி நிற்கிறதா, ஒன்றுமே இல்லை. இதற்குக் கடிதத்தில் பதில் கிடையாது. பதிலுக்குக் காத்திருக்காமல், தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே பக்கத்துக் குழந்தை மருத்துவரிடம் போய், டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.