பூட்டானா மலேசியாவா: எந்த ஊர் மொழி சீக்கிரம் வரும்?

தம்பி, நீங்க கேட்டது இதுதானே, கம்பெனி ரெண்டு இடம் சொல்லுது, ஒண்ணு பூட்டான்ல வாங்டி பக்கம் அணைக்கட்டு சைட், இன்னொண்ணு இங்க மலேசியால ஷா ஆலம் ஆபீஸ், மலாய் ஈஸியா, பூட்டான் மொழி ஜோங்கா ஈஸியா, எதை இப்பவே படிக்க ஆரம்பிக்கலாம்னு. நான் அங்க சைட்ல இருந்துட்டு அப்புறம் இங்க வந்து கிள்ளான்ல வீடு வாங்கி உக்காந்தவன், அதனால ரெண்டையும் பத்தி கொஞ்சம் சொல்ல முடியும். ஆனா "எது ஈஸி"ங்கறதை விட "எது இல்லாம அங்க காலம் தள்ள முடியாது"ன்னு பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

பூட்டான் சைட்டுக்குப் போனா நீங்க முதல்ல கத்துக்கப் போறது ஜோங்கா இல்ல, ஹிந்தி. சிரிக்காதீங்க. சைட்ல வேலை பாக்கறவங்கள்ல நிறைய பேர் ஜார்கண்ட், பீகார், பெங்கால் பக்கம் ஆளுங்க. பூட்டான்காரங்களுக்கும் டிவி பாத்தும் சினிமா பாத்தும் ஹிந்தி நல்லாவே வரும். இங்கிலீஷ் வேற அவங்க ஸ்கூல்ல பயிற்று மொழியே, அதனால ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி எங்க போனாலும் இங்கிலீஷ்ல முடிஞ்சிடும். நாம தட்டுத் தடுமாறி ரெண்டு வார்த்தை ஜோங்கா பேசினா சந்தோஷப்படுவாங்க, ஆனா உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க, நமக்கு பழக்கமே வராது. இன்னொண்ணு, ஊரு சின்னது, மக்கள்தொகை மொத்தமே 8 லட்சத்தை ஒட்டித்தான், ஆனா கிழக்க போனா ஷார்ச்சோப், தெற்க போனா நேபாளி, நடுவுல பும்தாங் பக்கம் வேற ஒண்ணு. 1971ல ஜோங்காவை தேசிய மொழின்னு அறிவிச்சாங்க, இருந்தாலும் பாதிப் பேருக்கு மேல அது வீட்டு மொழி கிடையாது, ஸ்கூல்ல கத்துக்கறதுதான்.

மலேசியா அப்படி இல்ல. கிள்ளான்லயும் பிரிக்பீல்ட்ஸ்லயும் தமிழ் பேசியே பொழுதை ஓட்டலாம், அது நிஜம். ஆனா கவர்ன்மென்ட் கவுன்டர்ல ஒரு போராங் கையில குடுப்பாங்க, போராங்னா ஃபார்ம், அதுல மேல நாமா, கீழ அலாமாட், அப்புறம் தாரிக் லாஹிர், அதாவது பேரு, அட்ரஸ், பொறந்த தேதி. கல்யாணம் ஆனவரா இருந்தா சுவாமி, இஸ்திரின்னு ஒரு கட்டம் வரும், சுவாமின்னா இங்க புருஷன், நம்ம பாட்டிங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கும். ரோட்ல போர்டு பூரா மலாய், ஆபீஸ்ல செக்யூரிட்டியில இருந்து டெக்னீஷியன் வரைக்கும் உங்ககிட்ட மலாய்லதான் ஆரம்பிப்பாங்க. இங்கயே பொறந்த தமிழங்க பேசற தமிழ்லயும் மலாய் கலந்து கிடக்கும், ரப்பர் மரம்னு சொல்ல மாட்டாங்க, கித்தா மரம்பாங்க, கிராமத்தை கம்பம்பாங்க. அதனால கத்துக்காம இருக்க முடியாது, அதுவே பாதி வாத்தியார்.

மலாய்ல நமக்கு லாபம் என்னன்னா, எழுத்து இங்கிலீஷ் எழுத்துதான், வினைச்சொல்லுக்கு காலம் மாறாது, ஆண் பெண் பலர்னு விகுதி கிடையாது. சாயா மாக்கான், நான் சாப்பிடறேன். முன்னாடி செமாலாம் போட்டா நேத்து, ஏசோக் போட்டா நாளைக்கு, மாக்கான் அப்படியே நிக்கும். நாம - நாங்க வித்தியாசம் அங்கயும் உண்டு, கீத்தான்னா எதிர்ல இருக்கறவரையும் சேத்து, காமின்னா அவரை விட்டுட்டு. இங்கிலீஷ்காரங்க இதுக்கு முட்டி மோதுவாங்க, நமக்கு சொல்லியே தர வேண்டாம். கடையை கெடாய்னுவாங்க, கப்பல் காப்பால், கட்டில் காத்தில், எல்லாம் நம்ம ஊர்ல இருந்து கப்பலேறிப் போனதுதான்.

ஆனா முழுசா ஈஸின்னு நம்பிடாதீங்க. ரெண்டு இடத்துல தமிழனுக்கு இடிக்கும். ஒண்ணு, ஆஜார்ங்கற வேர்ல இருந்து கிளம்பி கத்துக்கறதுக்கு ஒரு சொல், சொல்லிக் குடுக்கறதுக்கு மெங்காஜார், பாடத்துக்கு இன்னொண்ணு, இப்படி முன்னாடியும் பின்னாடியும் ஒட்டு சேந்துக்கிட்டே போகும். இதுல கத்துக்கறதும் பெலாஜார், மாணவனும் பெலாஜார், தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணு, அவங்க வாயில கத்துக்கறதுக்கு பஸ்ல வர்ற ப (b), மாணவனுக்கு பல்லுல வர்ற ப (p). நாம இதைக் கவனிக்காம குழப்பிட்டு இருப்போம், அவங்க சிரிச்சுக்கிட்டே விட்டுடுவாங்க. ரெண்டாவது, புத்தக மலாய் வேற, தெரு மலாய் வேற. சுடாவை (ஆச்சு) டாம்பாங்க, தீடாக்கை (இல்ல) தாக்குன்னுவாங்க, கோலாலம்பூர் பக்கம் கடைசி ஆ எல்லாம் எ மாதிரி மழுங்கிடும். கிளந்தான் மாநிலத்துக்காரர் பேசினா ஊர் மலாய்க்காரரே "என்ன சொன்னீங்க"ன்னு கேப்பாரு.

ஜோங்காவுக்கு வருவோம். வாக்கிய அமைப்பு நம்மளது மாதிரியே, வினைச்சொல் கடைசியில, உருபும் பேருக்குப் பின்னாடிதான், இந்த விஷயத்துல மலாயை விட தமிழுக்கு கிட்ட. அதோட நல்லது முடிஞ்சுது. எழுத்து திபெத்திய எழுத்து, வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கிடையாது, அசைக்கு அசை ஒரு புள்ளி மட்டும். எட்டுங்கறதை கேன்னு சொல்றாங்க, எழுதறப்ப பாத்தா ப, ர, க, ய, த-ன்னு ஒரு கூட்டமே நிக்குது. ஙான்னு தொண்டையை இறக்கிச் சொன்னா நான், ஏத்திச் சொன்னா அஞ்சு. எண்ணுறதுலயும் பழைய வழக்கு இருவது இருவதா போகும், நாப்பதுன்னா ரெண்டு இருவது, முப்பதுன்னா ரெண்டாவது இருவதுல பாதிங்கற மாதிரி வரும், சந்தையில வயசான அம்மாகிட்ட காய் வாங்கறப்ப மண்டை காயும். கைக்கு, வர்றதுக்கு, சாப்பிடறதுக்கு எல்லாம் பெரியவங்களுக்குன்னு தனி வார்த்தையே இருக்கு, நம்ம மாதிரி "ங்க" சேத்தா மட்டும் போதாது.

எனக்கு அந்த மொழியில ரொம்பப் பிடிச்சது "இருக்கு"ங்கற ஒரே சொல்லை அவங்க ரெண்டா பிரிக்கறது. என் வீட்ல அரிசி இருக்கு, அது எனக்கு எப்பவோ தெரிஞ்சது, அதுக்கு யோ. பக்கத்து வீட்டுக்குப் போனேன், அட, இங்க அரிசி இருக்கேன்னு இப்பத்தான் கண்ணால பாத்தேன், அதுக்கு து. (தமிழ் எழுத்துல இவ்வளவுதான் கொண்டு வர முடியும்.) மாத்திச் சொன்னா இலக்கணத் தப்பு மாதிரி தெரியாது, சொந்த வீட்டு சங்கதியே தெரியாத ஆள் மாதிரி தெரியும். மலாய்ல இதெல்லாம் ஒரே ஆடாவுல முடிஞ்சிடும்.

ரெண்டு ஊர்லயும் வாக்கியத்துக்குப் பின்னாடி ஒரு லா கேக்கும், ஏமாந்துடாதீங்க. பூட்டான்ல குஸுஸாங்போ லா (வணக்கம்), காத்ரின்சே லா (நன்றி), அங்க அது மரியாதை, மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல பேசறப்ப கூட "எஸ் லா"ன்னு வரும். இங்க மலேசியால போலே லா (முடியும்), ஓகே லான்னா கூட்டாளிங்களுக்குள்ள பேசற உரிமை. பெரிய அதிகாரி முன்னாடி இந்த லாவை அள்ளித் தெளிக்காதீங்க.

அதனால நீங்க இப்ப செய்ய வேண்டியது, ஷா ஆலம்னா இன்னைக்கே மலாய் நம்பரும் ஒரு நூறு வார்த்தையும் ஆரம்பிங்க, ஆறு மாசத்துல கடைத்தெரு மலாய் வந்துடும், அது இந்தோனேசியா, புருனே வரைக்கும் ஓரளவு செல்லும். வாங்டின்னா ஹிந்தியைத் தேத்துங்க, ஜோங்கால வணக்கம், நன்றி, விலை கேக்கறது மட்டும் வச்சுக்கிட்டு, எழுத்தை அங்க போய் குளிர்கால ராத்திரியில பொறுமையா படிங்க, அவசரமே இல்ல. வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுப் போற ப்ளான் இருந்தா பிள்ளைங்க எந்த வகுப்புன்னு எழுதுங்க, ஸ்கூல் சமாச்சாரம் ரெண்டு ஊருக்கும் ஏணி வச்சாலும் எட்டாது, அதைத் தனியா சொல்றேன்.